காளியம்மா காலடியில் நான் வைத்த பொய்

காளியம்மாவை நம்பி இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஒரு மலைக்காரனின் கும்பிடு. சாமை விதைக்கிறதும் புளி உலுக்குறதும் என் தொழில். மத்த நேரமெல்லாம் ஊரைச் சிரிக்கவைக்கிறது. இதுலயும் சிரிப்பு வர்ற இடம் உண்டு, சிரிச்சுக்குங்க. எனக்குத்தான் வராது.

எமர்ஜென்சி முடிஞ்சதுக்கு அடுத்த வருஷம், ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரி சின்னபொண்ணுவுக்கு வயித்துவலி கண்டது. முதல்ல தொப்புளைச் சுத்தி, அப்புறம் வலது அடிவயிறு. ஓமத்தண்ணி கொடுத்தோம், கேக்கல. மறுநாள் கஞ்சித்தண்ணியும் வயித்துல நிக்கல.

அன்னிக்குச் சாயங்காலம் ஊருக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டிட்டா திருவிழா முடியிறவரைக்கும் ஊர்க்காரங்க எல்லை தாண்டக் கூடாது. அதனால செங்கம் ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா அதுக்கு முன்னாலயே கிளம்பணும். ரோடு கிடையாது. டோலி கட்டி ஆள் மாத்தி ஆள் தூக்கினா, மலை இறங்கவே அரை நாள்.

போகலாமா வேணாமான்னு முடிவு தெரியாதப்ப எங்க ஊர்ல காளியம்மாகிட்ட பூக் கேப்பாங்க. வீட்டு ஆம்பளை கோயிலுக்குப் பின்னால போய், ஒரு மந்தார இலையில வெள்ளரளியும் இன்னொண்ணுல செவ்வரளியும் வச்சு ஒரே மாதிரி நார் போட்டுக் கட்டணும். பூசாரி ரெண்டு பொட்டலத்தையும் துணிக்கடியில புரட்டி அம்மா காலடியில வைப்பார். நோயாளிதான் ஒண்ணை எடுக்கணும். வெள்ளை வந்தா, இங்கேயே இரு, நான் பாத்துக்கறேன்னு அம்மா சொல்றா. சிவப்பு வந்தா, கீழ இறங்குன்னு சொல்றா. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. திருவிழா முடியிற மட்டும் அது அம்மா காலடியிலேயே கிடக்கும்.

நான் ரெண்டுலயும் வெள்ளரளியை வச்சுக் கட்டினேன்.

காரணம் கேட்டா காறித் துப்புவீங்க. அந்த வருஷத் திருவிழாவுல கரடி வேஷம் கட்டி ஆடுறது நான். கத்தாழை நாரைக் கரியில தோய்ச்சு, கோணியில வரிசை வரிசையா தச்சு, மூணு மாசமா தயார் பண்ணியிருந்தேன். மலை இறங்கிட்டா, காப்புக் கட்டின ஊருக்குள்ள திரும்பி வர முடியாது. வயித்துவலிதானே, ரெண்டு நாள்ல போயிடும்னு எனக்கு நானே டாக்டர் ஆயிட்டேன். பொண்டாட்டியா கரடியான்னு வந்தப்ப கரடி பக்கம் சாஞ்ச புருஷன் இந்த மலையில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

சின்னபொண்ணு எடுத்தா. வெள்ளை. அவ முகம் அப்படியே தெளிஞ்சது. "அம்மாவே சொல்ட்டா மாமா. அப்புறம் இன்னா பயம்?"

அதுக்கப்புறம் அவ முனகக்கூட இல்லை. பாத்தியா, குறைஞ்சுபோச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை உச்சிவேளை. கோயில் முன்னால பம்பை முழங்குது, நான் கரடியா உருண்டு புரள்றேன், ஜனம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு என் அண்ணி ஓடி வந்தாங்க.

"டேய், ஆடுனது போதும். வூட்டுக்கு வந்து உன் பொண்டாட்டியப் பாரு. வயிறு பலகையாட்டம் கெடக்குது. கண்ணு சொருவுதுடா!"

அப்படியே அம்மா முன்னால விழுந்தேன். "தாயே, நீ சொல்லல. நான்தான் சொன்னேன். ரெண்டும் வெள்ளை தாயே, ரெண்டும் வெள்ளை"ன்னு மண்ணுல முட்டிக்கிட்டு அழுதேன்.

ஊரே சிரிச்சது.

"கரடி இன்னாமா அழுவுது பாரு!"

"இது இந்த வருசம் புதுசா சேத்ததுடா!"

நான் அழ அழ சிரிப்பு ஏறிச்சு. அத்தனை வருஷமா நான் சம்பாதிச்ச பேர் அது. பூசாரி எனக்குப் பெரியப்பா முறை. அவர் காலைக் கட்டிக்கிட்டேன். "பெரீப்பா, வேசம் இல்ல. அந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சுப் பாருங்க."

அவர் கரடித் தலையைக் கொஞ்சம் தூக்கி என் மூஞ்சியைப் பார்த்தார். பிரிக்கக் கூடாததைக் குனிஞ்சு எடுத்துப் பிரிச்சார். பூ வாடி வதங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. ஆனா வெள்ளரளி. பம்பை நின்னுபோச்சு.

"அவ பேர்ல நீ பேசிட்டியேடா" என்றார். அடிச்சிருந்தா தேவலைன்னு இருந்தது.

தூக்க ஆள் இருக்கு. ஆனா எல்லார் கையிலும் காப்பு. "எல்லை தாண்ட நான் உத்தரவு தர முடியாது. அவதான் தரணும். பொண்ண இட்டுனு வாங்க" என்றார் பெரியப்பா. கட்டிலோட தூக்கி வந்தாங்க. இந்தத் தடவை அவரே போய்ப் பூவைக் கட்டினார். விஷயம் அதுக்குள்ள சின்னபொண்ணு காதுக்குப் போயிருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தா. அவ்வளவுதான்.

அன்னிக்கு நான் வேண்டினதை மறைக்காம சொல்றேன். "தாயே, உன் வாயை நான் பொத்தினேன். இப்ப நீயே பேசு. இனிமே வேஷம் கட்டமாட்டேன். அவளை மட்டும் கொடு." அவளுக்குப் பதிலா என்னை எடுத்துக்கோன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. அதையும் சொல்லிடறேன்.

அவ கை ஒரு பொட்டலத்துமேல போய் நின்னது. அங்கிருந்து நகர்ந்தது. மத்ததை எடுத்தது.

பெரியப்பா பிரிச்சார். சிவப்பு.

கையில கட்டின காப்போடவே எட்டு பேர் அவளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. நானும் தோள் கொடுத்தேன். கரடித் தலையை மட்டும்தான் கழட்ட நேரம் இருந்தது. பொழுது சாய அடிவாரம். அங்க புளி ஏத்தின ஒரு லாரிக்காரர் மறுபேச்சுப் பேசாம ஏத்திக்கிட்டார். செங்கத்துல என்னை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் சேர்ந்தது. "யார்யா நீ? இந்தம்மாவுக்கு இன்னா வேணும்?"னு நர்ஸம்மா கேட்டாங்க. "புருசங்க" என்றேன். "மொதல்ல அந்தத் தோலக் கழட்டிட்டு வா"ன்னாங்க. அங்கிருந்து திருவண்ணாமலைக்கு அனுப்பினாங்க. குடல்வால் வெடிச்சு உள்ளே சீழ் கட்டியிருந்துச்சாம். ஆபரேஷன் நடந்தது. ஒரு மாசம் போல படுக்கை. என் சின்னபொண்ணு பிழைச்சு மலை ஏறினா.

பெரியப்பா ரெண்டுலயும் சிவப்பைத்தான் கட்டியிருப்பார்னு சிலர் சொல்றாங்க. ரெண்டாவது தடவை அவ எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கல. அவர் சாகிறவரை நானும் கேக்கல. அப்படியே அவர் கட்டியிருந்தாலும், அந்தக் கையால கட்ட வச்சது அம்மாதான்.

ஊர் என்னை மன்னிச்சது. அபராதமா ஒரு வருஷம் கோயில் வாசல் கூட்டச் சொன்னாங்க. நான் இன்னும் கூட்டிக்கிட்டிருக்கேன். கரடி வேஷத்தை அப்பவே கொளுத்திட்டேன்.

ஆனா ஒண்ணு மட்டும் கரையமாட்டேங்குது. ஒருநாள் சாமை புடைச்சுக்கிட்டே சின்னபொண்ணு சொன்னா. கோவமா இல்ல, சும்மா பேச்சுவாக்குல.

"அம்மா சொன்னதுன்னு நெனச்சுதான் மாமா அந்த ரெண்டு நாளும் பல்லக் கடிச்சினு கெடந்தேன். நீ கட்டுனதுன்னு தெரிஞ்சிருந்தா மலையே அதிர்ற மாதிரி கத்தியிருப்பேன்."

நான் விளக்குமாத்தை எடுத்துக்கிட்டுக் கோயில் வாசலுக்குப் போனேன்.

அம்மாவோட பிள்ளைங்களே, எங்க மலைக்கு வாங்க. அவளை நம்பிக் கேளுங்க, பதில் சொல்லுவா. பொய்யனான என்கிட்டயே பேசினவ, உங்ககிட்ட பேசமாட்டாளா? வலி இருந்தா அவ முன்னால வாய்விட்டுக் கத்துங்க. பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கோன்னு அவ யாரையும் கேட்டதில்லை. கேட்டவன் நான்தான்.