ஒரே இழுப்பில் பிரியும் தையல்

தீவன மூட்டையைத் திறக்க அவருக்குக் கத்தி வேண்டாம். வாய்த்தையலின் ஓரத்தில் தொங்கும் நூல் நுனியை இரண்டு விரலால் பிடிப்பார். ஒரே இழுப்பு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சர்ரென்று பிரிந்துவிடும். பிரிந்த நூலை விரலில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் பண்ணைக்காரருக்கு வணக்கம் சொல்வார்.

மீன் பண்ணைக்கு உரிமம் தருவதற்கு முன்பும், இயற்கை முறையில் வளர்த்த மீன் என்று சான்று தருவதற்கு முன்பும் நேரில் போய்ப் பார்க்க எங்கள் அலுவலகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் உண்டு. ஒருவர் இவர். இன்னொருவன் நான். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். குளத்துக்காரர்கள் இவருக்கு நூலம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆள் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. குள்ளம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இடது காலில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிய ஒட்டு. சோதனைக் குப்பியில் மொண்ட குளத்துத் தண்ணீரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "என்னடா கண்ணு, மூச்சு முட்டுதா?" என்று விசாரிப்பார். தண்ணீருக்கு என்ன தெரியும்? ஆனால் பக்கத்தில் நிற்கும் பண்ணைக்காரர் உருகிப்போய், கேட்காத விவரத்தையெல்லாம் கொட்டிவிடுவார்.

கழிவுநீரைத் தேக்கித் தெளிய வைக்கத் தொட்டி இல்லை என்று ஒருவருக்கு மூன்று முறை உரிமத்தை மறுத்தார். "தொட்டி கட்டுங்க தம்பி, நானே வந்து முதல் கையெழுத்து போடறேன்" என்றார். அந்த ஆள் தொட்டியும் கட்டினார், மகள் கல்யாணத்துக்கு இவரைக் கூப்பிட்டு முதல் வரிசையிலும் உட்கார வைத்தார். நான் சரி என்று எழுதிக்கொடுத்தவர்களோ என்னைத் தெருவில் கண்டால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள்.

என் வீட்டுக்காரியும் அந்தக் கட்சிதான். "அவங்க இல்லைன்னு சொன்னாக்கூட கேக்க நல்லா இருக்கு. நீங்க சரின்னு சொல்றதே சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்கிறாள்.

அதனால்தான் நான் கத்தியால் மூட்டை திறக்கிறேன். அந்த அம்மாள் செய்வது போல நூலை இழுத்துக் காட்டினால் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக ஆகிவிடும். சரக், ஒரு கீறல், வேலை முடிந்தது என்பது என் கணக்கு.

போன வாரம் அந்தக் கணக்கு தப்பியது. நாங்கள் பார்த்துவிட்டு வந்த கோப்புகளில் பத்துக்கு ஒன்றைக் குலுக்கிப்போட்டு எடுத்து, மற்ற ஆய்வாளரை மறுபடி பார்க்கச் சொல்வது விதி. முதலில் பார்த்தவரும் கூடப் போக வேண்டும். என் கோப்பு வந்தது. ஒரு பண்ணைக்கு இயற்கைச் சான்று தரலாம் என்று நான் பரிந்துரைத்த கோப்பு. மேல் பதவி ஒன்று காலியாக இருக்கிறது, போட்டியில் இருப்பது நாங்கள் இரண்டு பேர் மட்டும். மறு ஆய்வு அறிக்கையில் என் தவறு ஏறினால் அந்த நாற்காலி அவருக்கு. அறிக்கை எழுதுவதற்குள் நானே பரிந்துரையைத் திரும்பப் பெற்றுவிட்டால் என் மேல் கறை கிடையாது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தீவனக் கொட்டகையில் நாற்பது மூட்டைகள். எல்லாவற்றிலும் இயற்கைத் தீவன மில்லின் பச்சை முத்திரை. முதல் ஆய்வுக்கு வந்த அன்று நான் முத்திரைகளை எண்ணி, முன்னால் இருந்த இரண்டைக் கீறிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவர் இழுத்தார். முதல் மூட்டை பிரிந்தது. இரண்டாவது, மூன்றாவது. கடைசி வரிசைக்குப் போய் ஒன்றை இழுத்தார். நூல் அசையவில்லை. மறு முனையைப் பிடித்து இழுத்தார். அதுவும் அசையவில்லை.

"இது மில்லு மெஷின் தையல் இல்லண்ணே. கோணி ஊசியால கையில தைச்சது."

பண்ணைக்காரர் தரையைப் பார்த்தார். "மில்லுலேர்ந்து லோடு வரலக்கா. குஞ்சுங்க பட்டினி கிடந்துச்சு. சாதா தீவனத்தை வாங்கி, பழைய சாக்குல போட்டுத் தைச்சிட்டேன்."

"எத்தனை மூட்டை?"

"பின்னாடி இருக்கற பதினோரு மூட்டையும்."

என் சட்டைப்பையில் இருந்த கத்தி கனத்தது. பின் வரிசைக்குப் போய் ஒரு நூலை இழுத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். வீம்புக்கு நூலையே தொடவில்லை.

மறு ஆய்வுப் படிவத்தை அவர் கையில் எடுத்தார். போச்சு என்று நினைத்தேன். ஒரு எழுத்தும் எழுதாமல் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூட்டையின் மேல் விரித்தார். தன் பேனாவை மூடி கழற்றி அந்தத் தாளின் மேல் வைத்தார்.

"அண்ணே, நான் போய்த் தண்ணி எடுத்துட்டு வந்துடறேன். வந்துதான் என் அறிக்கையை எழுதணும்."

அந்த நிமிடத்திலும் எனக்கு வந்தது நன்றி இல்லை. இப்படிச் செய்ய எனக்குத் தோன்றியிருக்காதே என்ற எரிச்சல்தான் வந்தது.

கொட்டகையை ஒட்டி, பத்தடியில் ஒரு குளம் இருந்தது. அவர் அதைத் தாண்டி, ஒட்டுப்போட்ட பூட்ஸைச் சேற்றில் இழுத்துக்கொண்டு, கடைசிக் குளத்தை நோக்கி மெதுவாக நடந்துபோனார்.