கழுவிக் கொடுத்த பல்

பல் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்த அவருக்கு வைத்த பெயர் 'பளிச்'. பிடுங்கிய பற்கள் மருந்துத் தண்ணீரில் ஊறியபடி பாட்டில் பாட்டிலாக வரும். வேரில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைவெளேரென்று தட்டில் அடுக்குவார். "வீட்டுப் பாத்திரத்தையும் இப்படித்தான் தேய்ப்பீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். "வந்து பாருங்க, மூஞ்சி தெரியும்" என்பார். தொழில் சுத்தம் என்றால் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமைதான் அவர் காலை வாரிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் தடுக்கி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் குப்புற விழுந்தாள். பால்பல் விழுந்து புதிதாக முளைத்திருந்த முன்பல் வேரோடு தெறித்துப் போனது. மனைவி பிள்ளையின் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டாள். இவர் படிக்குக் கீழே தவழ்ந்து பல்லைக் கண்டெடுத்துவிட்டார். அதுவரை கெட்டிக்காரர்தான். அப்படியே பல் டாக்டரிடம் ஓடியிருக்கலாம் அல்லவா? கால் நேராகக் குழாயடிக்குப் போனது. வேர் நுனியில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்ததை நகத்தால் வழித்தெறிந்தார். பழைய பிரஷ்ஷை எடுத்துத் தேய் தேயென்று தேய்த்தார்.

"என்னங்க பண்றீங்க? கிளம்புங்க!"

"இரு, ஒரே அழுக்கா இருக்கு."

அட மனுஷா, அழுக்கா அது!

பல் டாக்டர் பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "யாரு இதைக் கழுவினது?"

"நான்தான் சார். நல்லா சுத்தம் பண்ணிட்டேன்."

டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. பல்லைக் குழியில் பொருத்திக் கம்பி கட்டினார். பிறகு இவரைத் தனியாக அழைத்தார். "சின்னப் பிள்ளைக்கு வேர் நுனி இன்னும் மூடியிருக்காது. அது வழியா ரத்தக்குழாயும் நரம்பும் திரும்ப உள்ள போக வாய்ப்பு இருந்துச்சு. நீங்க வழிச்சுப் போட்டது உயிருள்ள சதை. பார்ப்போம். கொஞ்ச மாசம் கழிச்சு பல்லு மேல ஜில்லுன்னு பஞ்சு வச்சுப் பார்க்கலாம். உணர்ச்சி வந்தா பல்லு தப்பிச்சுது. வரலேன்னா, பிள்ளை பெரியவளாகற வரைக்கும் பல்லு நிக்கறதே கஷ்டம்."

வீட்டில் மனைவி சோறு போடும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவாள். "ஊர்ப் பல்லெல்லாம் தேய்ச்ச கை, பெத்த பிள்ளை பல்லையும் விட்டு வைக்கல." இவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். பக்கத்தில் மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

பல்லுக்குள் நரம்பு எப்படிப் போகிறது என்பதுதான் அவருடைய கூடத்து டாக்டரம்மாவின் ஆராய்ச்சியே. எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவர். இப்போது வலியப் போய் நின்றார். டாக்டரம்மா நுண்ணோக்கியைக் காட்டினார். பச்சையாக மின்னும் இழைகள் சிவப்புத் தடத்தின் மேல் ஊர்ந்து பல்லுக்குள் ஏறியிருந்தன.

"பச்சை நரம்பு. சிவப்பு, லாமினின்னு ஒரு புரதம். செல்லுங்களைச் சுத்தி இந்த மாதிரி புரதங்கள் வலை மாதிரி பரவியிருக்கும். நரம்புக்குக் கண்ணா இருக்கு? நுனியால தடவித் தடவித்தான் வரும். சில புரதம் 'இன்னும் நேரம் வரல, நில்லு'ன்னு வெளியிலயே நிறுத்தி வைக்கும். சிலது 'இப்படி வா'ன்னு கூட்டிட்டுப் போகும்."

அடுத்த கண்ணாடித் துண்டில் அந்தச் சிவப்பு இல்லை. பச்சை இழைகள் வேர் வாசல்வரை வந்து, சுருண்டு, அங்கேயே நின்றிருந்தன.

"திரும்ப அதைப் பூசி விட முடியாதாம்மா?" என்று கேட்டார் அவர்.

"முடிஞ்சா நான் ஏன் இங்க உட்கார்ந்து மண்டையை உடைச்சுக்கறேன்?" என்றார் டாக்டரம்மா. மகளின் பல் விஷயம் தெரிந்ததும், பாவம், அப்படிப் பேசியதற்கு வருத்தப்பட்டார்.

சோதனை நாள் வந்தது. மகளை அவர் மட்டும் அழைத்துப் போனார். "ஜில்லுன்னு இருந்தா கையைத் தூக்கணும்" என்றார் பல் டாக்டர். குளிரூட்டிய பஞ்சைப் பக்கத்துப் பல்லில் வைத்ததும் பிள்ளை துள்ளிக் குதித்தாள். பிறகு அந்தப் பல். ஒரு கணம் அசைவில்லை. கண் மட்டும் அப்பாவைத் தேடியது. கை மெதுவாக உயர்ந்தது. "ஜில்லுன்னு இருக்குப்பா!"

அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பெற்ற வயிறு மட்டுமா குளிரும்?

டாக்டர் வேறு பஞ்சை எடுத்தார், குளிர் மருந்து அடிக்கவில்லை. அதே பல்லில் வைத்தார். கை மறுபடியும் உயர்ந்தது. "இப்பவும் ஜில்லுன்னு இருக்கு." டாக்டர் அந்த வெறும் பஞ்சை இவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அவர் கேட்டார். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"இல்லேன்னா அம்மா உன்னைத் திட்டுவாங்கல்ல? அவங்ககிட்டயும் அப்படியே சொல்லிடலாம்பா. நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "வேண்டாண்டா கண்ணு," என்றார். "நான் கெடுத்தது. நானே சொல்லிக்கிறேன்."