ஜெசிந்தா அக்கா மைக்கில் பாடிய ஒற்றைச் சுரம்

செய்தி வந்தபோது ஒரு விசைப்படகின் ரேடியோ செட்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அக்கா நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று கடை முதலாளி போனில் சொன்னார். சரி என்றேன். அளவை எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். செட்டிலிருந்து கிளம்பும் அலை தன் சேனலுக்குள் நிற்கிறதா, பக்கத்துச் சேனலிலும் வழிகிறதா என்று ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அளந்து சான்று தருவோம். மிசினின் ஃபில்டரை அகலமாக வைத்தால் உடனே படம் வந்துவிடும், ஆனால் எல்லாம் ஒரே மொத்தையாகத் தெரியும். நான் அப்படித்தான் அவசரப்படுவேன். "நம்ம மிசினோட அகலத்தையும் சேத்து படகுக்காரன் தலையில கட்டாதலே" என்று அக்கா ஃபில்டரைக் குறுக்குவார். அப்புறம் படத்தை வரையும் கோடு திரையில் ஆமையாக நகரும்.

டோன் ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்த நாட்களில், சோதனைக்கு வேண்டிய ஒலியை அவரே மைக்கில் பாடினார். கோடு திரையைக் கடக்கும்வரை ஒரே சுரம், ஒரே மூச்சு. கோயில் பாடல்குழுவில் பாடிப் பழகிய தொண்டை. பூசைக்குப் பாடுவதைவிட இதற்குத்தான் தம் அதிகம் வேண்டும் என்று சிரிப்பார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பவிருந்த சமயம், அவருடைய சொந்தத் தம்பி சேவியரின் செட் பக்கத்துச் சேனலில் வழிந்தது. அக்கா திரும்பத் திரும்ப அளந்துவிட்டுச் சான்று தர மறுத்தார். சேவியர் கெஞ்சினார், பிறகு கத்தினார். "பக்கத்து சேனல்ல ஒருத்தன் காப்பாத்துங்கன்னு கூப்பிட்டா, உன் இரைச்சல்ல அது கேக்காம போயிரும்லே. சரி பண்ணிட்டு வா" என்றார் அக்கா. மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள், சேவியரின் படகு கரையில் நின்றது. பழுது பார்த்துக் கொண்டுவந்த செட்டை அக்கா பாடிச் சோதித்தார். தேறியதும் அந்தப் படத்தை மிசினில் சேமித்தார். சேவியர் செட்டை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் சேவியர் கடைக்கு வந்தார்.

"அண்ணே, அக்கா அன்னிக்குப் பாடுனாளே, அந்தச் சத்தம் இதுல இருக்கா?"

அலையின் அகலம் மட்டும்தான் இருக்கும், குரல் இருக்காது என்றேன். அவர் நகரவில்லை. படத்தைத் திறந்து காட்டினேன். சீப்பின் பற்கள்போலக் கோடுகள் தனித்தனியாக நின்றன. அக்கா ஃபில்டரைக் குறுக்கிக் காத்திருந்ததால்தான் அவை பிரிந்து தெரிந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளிதான் அவர் பாடிய சுரத்தின் அதிர்வெண். அதை அளந்து, பழுது நீங்கி வந்திருந்த ஜெனரேட்டரில் அதே எண்ணை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டேன்.

வெறும் ஊதல் சத்தம். அதில் தொண்டையும் இல்லை, மூச்சும் இல்லை. சேவியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவ எடுக்குத சுருதிதான்" என்றார். "நிப்பாட்டிராதிய."

அவராகக் கிளம்பும்வரை நான் நிறுத்தவில்லை.

படத்தை அச்செடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஃபில்டரைக் குறுக்கும் பழக்கத்தை மட்டும்தான். கோடு மெல்ல நகர்கிற அந்த ஒரு மூச்சு நேரம், யாரோ பாடப்போகிறார்கள் என்று கை தானாக மைக்கை நீட்டுகிறது.