நோலீனின் அலசல் தொட்டி

அடிலெய்டில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளுக்குப் பத்தொன்பது வருடமாகத் தீனியும் தண்ணீரும் வைப்பவர் நோலீன் பிரிட்சார்ட். வயது அறுபத்தொன்று. வடக்கே, மழை எட்டிப் பார்க்காத ஆட்டுப்பண்ணையில் வளர்ந்தவர். ஐந்து பிள்ளைகளும் ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்து, அதிலேயே துணியும் துவைத்த வீடு.

போன வருடம் தாம்சின் என்ற ஆராய்ச்சி மாணவி முனைவர் பட்டத்துக்காக இரண்டு வரிசைக் கூண்டுகள் வைத்திருந்தாள். எல்லா எலிகளின் குடலிலும் ஒரே வயிற்றுப்போக்குக் கிருமி. சிவப்பு மூடிப் புட்டிகளில் கிருமிக்கொல்லி மருந்து கலந்த தண்ணீர், வெள்ளை மூடியில் வெறும் தண்ணீர். மருந்துக்குச் சாகாத கிருமிகள் சிவப்பு வரிசையில் மட்டும் பெருக வேண்டும். அப்போதுதான் பட்டம்.

பதினோராவது வாரம் வெள்ளை வரிசைக் கிருமிகளும் சோதனைத் தட்டில் மருந்து வில்லையை ஒட்டிச் சொகுசாக வளர்ந்திருந்தன.

"எலியை மாத்திப் போட்டுட்டீங்களா, நோலீன்?"

"என் எலிங்கள முகம் பாத்தே சொல்லுவேன், கண்ணு."

"அப்ப மருந்து அந்தப் பக்கம் நடந்தா போச்சு? புட்டியை எப்படிக் கழுவறீங்க?"

நோலீன் பெருமையாகத் தொட்டியைக் காட்டினார். "குழாயைத் தொடவே மாட்டேன். புட்டில மிஞ்சினதை எல்லாம் இதுல ஊத்தி, இதுலயே அத்தனையும் அலசிடுவேன்."

"சிவப்பு மூடியும்?"

"அதுவும் தண்ணிதானே..." சொல்லி முடிக்கும்முன் அவர் முகம் மாறியது. "ஐயோ. உன் மூணு வருஷத்தை நானே கழுவி ஊத்திட்டேனே. நான் வேலையை விட்டுடறேன்."

தாம்சின் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல இருக்கற மருந்து எல்லாக் கிருமியையும் கொல்ற அளவு இல்ல. நோஞ்சான் கிருமியை அடக்கிட்டு, தாக்குப்பிடிக்கறதுக்கு இடம் விடற அளவு. இத்தனூண்டு போதும்னு எனக்கே தெரியாது. அளந்து, புது எலிங்களோட மறுபடி செய்யணும். இதே அளவு மருந்தோட, மஞ்சள் மூடின்னு மூணாவது வரிசை. நீங்க போனா யாரு செய்வா?"

"தப்பு செஞ்சதுக்கு ஒரு வரிசை கூடுதல் வேலையா?"

"சனிக்கிழமையும் வரணும்."

"சனிக்கிழமை எங்க டீம் ஆடற ஃபுட்டி மேட்ச் இருக்கே."

"நோலீன்."

"சரி, சரி. ரேடியோவைக் கொண்டுவரேன். எலிங்களும் கேக்கட்டும்."

பதினான்கு வாரம் ஓடியது. மஞ்சள் வரிசைக் கிருமிகள் மருந்தைச் சட்டை செய்யவில்லை. வெள்ளை வரிசைக் கிருமிகள் மருந்து வில்லையைச் சுற்றி ஒழுங்காகச் செத்தன. ஆறு மாதம் தாமதமாகத் தாம்சின் டாக்டரானாள். எலிகள் எல்லா ஆட்டத்தையும் கேட்டன. நோலீனின் அணி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.