காளையின் சாதகம்

த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் பொருத்தம் பார்ப்பார்கள். ஒரு பக்கம் அம்மா, சித்திக்கு மாப்பிள்ளை தேடி. மறுபக்கம் அப்பா, பசுக்களுக்குக் காளை தேடி. எட்டு வயதில் எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிந்தது.

அப்பாவுக்கு மனுகாவில் வேலை. எந்தக் காளையின் வித்து எந்த மந்தைக்குச் சரிவரும் என்று இறைச்சி மாடு வளர்க்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கந்தோர் அது. மாட்டிறைச்சியை ஒருநாளும் வாயில் வைக்காத மனிதர், "இவன்ரை கன்றுகளின்ரை இறைச்சியிலை கொழுப்பு நூல் நூலாய் ஓடும், முதல் தரம் தப்பாது" என்று பெற்ற பிள்ளையைப் புகழ்வதுபோலச் சொல்வார். கோயிலில் யாரும் விசாரித்தால் அம்மா "அவருக்குக் கொம்பியூட்டரிலை வேலை" என்று கதையை முடித்துவிடுவாள். அது பொய்யுமில்லை.

ஒவ்வொரு காளைக்கும் ஒரு தாள் உண்டு. பிறந்த திகதி, தகப்பன், தாய், பாட்டன், பாட்டி. கீழே வரிசையாக எண்கள்: கன்று என்ன எடையில் பிறக்கும், நானூறாம் நாளில் எவ்வளவு எடை இருக்கும், இறைச்சி எந்தத் தரத்துக்கு வரும். ஒவ்வோர் எண்ணுக்கும் அடியில் இன்னொரு சின்ன எண். அதை அப்பா நம்பிக்கை வீதம் என்பார். இளங்காளைக்கு அது குறைவாக இருக்கும். கன்றுகள் பிறந்து, வளர்ந்து, அவற்றை அளந்து பார்க்கப் பார்க்கத்தான் ஏறும்.

சித்தி அம்மாவின் தங்கை. ஊரிலிருந்து படிக்க வந்து, நகர மையத்தில் வேலை எடுத்து, எங்களோடு இருந்தாள். அவளுக்கு எட்டில் செவ்வாய். சாதகத்தை ஈமெயிலில் அனுப்பிய மூன்று இடத்திலிருந்தும் பதிலே வரவில்லை. மூன்றாவதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். ஒரு ஞாயிறு அப்பாவின் தாள் ஒன்றை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், சாதகத்திலை ஏன் இந்தச் சின்ன நம்பர் இல்லை?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

நாலாவது இடத்துக்கு அம்மா சாதகத்தை அனுப்பவில்லை. முதலில் வந்து ஆளைப் பார்க்கட்டும், சாதகத்தை நேரில் காட்டலாம் என்றாள். மாப்பிள்ளையின் தகப்பன் தானே சாத்திரம் பார்க்கக்கூடியவர் என்று பிறகுதான் கேள்விப்பட்டாள். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று காலையில் சித்தியே தன் சாதகத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, ஒரு மஞ்சள் ஃபைலில் வைத்தாள். அலுமாரியில் அதற்குப் பக்கத்தில் அப்பாவின் நீல ஃபைல் இருந்தது.

அவர்கள் வந்து, வடை தின்று, மழையைப் பற்றிக் கதைத்து முடிந்ததும் அம்மா என்னைச் சாதகம் எடுத்துவர அனுப்பினாள். எனக்கு அப்போது தமிழ் வாசிக்கத் தெரியாது. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த சித்தியிடம் எந்த ஃபைல் என்று கேட்டேன்.

"நீலம்," என்றாள் சித்தி.

மாப்பிள்ளையின் தகப்பன், அந்தப் பெரியவர், நான் கொடுத்த ஃபைலைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டு வாசித்தார். பிறந்த திகதி, தகப்பன், தாய் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நானூறாம் நாள் எடையில் குரல் தடுமாறியது. விதைப்பைச் சுற்றளவு என்ற இடத்தில் அடியோடு நின்றது. அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. சித்தி தட்டத்தோடு வாசலில் நின்று மாப்பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, வயிறு குலுங்கிய நல்ல சிரிப்பு. பிறகு விரலை வைத்து, இந்தச் சின்ன எண் என்ன அங்கிள் என்று கேட்டார். கேட்பாரற்றுக் கிடந்த அப்பாவுக்கு அது போதும். அரை மணித்தியாலம் காளைகளைப் பற்றியே கதைத்தார். கடைசியில் பெரியவர் செருமி, பிள்ளையின் சாதகத்தையும் ஒருக்கால் பார்ப்போமே என்றார்.

"அதிலை நம்பிக்கை வீதம் போட்டிருக்கோ, அப்பா?" என்று தன் தகப்பனிடம் கேட்டார் மாப்பிள்ளை.

மஞ்சள் ஃபைல் அன்று அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை. ஆறு மாதத்தில் கலியாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான்தான் சித்திக்குக் காளை மாட்டைப் பேசிய பிள்ளை. சித்தப்பாதான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் போனதும் அம்மா ஏசிய ஏச்சில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒளிந்திருந்து அழுதேன். சித்தியின் கலியாணத்தை நானே குழப்பப் பார்த்தேன் என்றே நம்பினேன். சித்தி தேடி வந்து பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். என் கண்ணைத் துடைத்துவிட்ட அவள் விரல்களில் காலையில் பூசிய மஞ்சள் இன்னும் போகாமல் இருந்தது.

"நீ ஒரு பிழையும் விடேல்லையடி, குஞ்சு," என்றாள்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.