அண்டா அக்கா கரண்டியைக் கொடுத்த நாள்

முப்பத்தொரு வருஷம் மாணவர் விடுதியில் நானூறு வயிற்றுக்கு வடித்துக் கொட்டியவரை எல்லோரும் அண்டா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பந்திக்கு முந்து என்பதெல்லாம் ஊருக்குச் சொன்ன பழமொழி, அவருக்கில்லை. எல்லோரும் கை கழுவிய பிறகு அண்டாவின் அடியில் மிஞ்சியதுதான் அவர் சாப்பாடு, அதுவும் ஆறி அவலாய்ப் போனபின்.

ஓய்வு பெற்றதும் மகன் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அனுப்பி வைத்தான். துணைக்கு நாத்தனார். கிளம்புமுன் போனில் மலைமேல் நிற்கும் ஒரு பழைய கோட்டையைக் காட்டினான். உள்ளேயே சாப்பாட்டுக் கடையும் உண்டாம். அங்கே உட்கார்ந்து, யாரோ சமைத்ததை யாரோ கொண்டுவந்து வைக்க, சூடாகச் சாப்பிட வேண்டும். அக்காவின் ஆசை அவ்வளவுதான்.

விதி யாரை விட்டது? சுற்றுலாக் கூட்டத்தோடு வந்த சமையல்காரர் இரண்டாம் நாளே காய்ச்சலில் படுத்தார். கூட்டத்தின் முப்பது தலைகளும் அக்கா பக்கம் திரும்பின. அண்ணிக்குக் கை சும்மா இருக்காதே என்று நாத்தனார் தேன் தடவிச் சொன்னார். அக்காவும் தலையாட்டினார், மறுத்து ஆட்டிப் பழகிய தலை இல்லை அது. அப்புறமென்ன, விடியற்காலையில் ஓட்டல் அடுப்பில் சமையல், மத்தியானம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் பரிமாறல். ஆறு ஊர் போனார்கள். அக்கா பார்த்தது ஆறு பஸ் நிறுத்தம். கடல் கடந்து வந்தும் வீட்டுச் சோறு இல்லாவிட்டால் உயிர் போய்விடும் என்கிற கூட்டத்தை என்னவென்று சொல்ல.

கடைசி நாள் கோட்டை. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இருப்பது இரண்டு மணி நேரம், சாப்பிட்டவர்கள் மேலே போய் வரலாம் என்றார். பரிமாறி, பாத்திரம் கழுவி முடித்தால் கோட்டை கைநழுவிவிடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முதல் ஆளாகத் தட்டை நீட்டினார். அக்கா தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அந்தக் கையில் கரண்டியைக் கொடுத்தார்.

"பசிக்கிறவங்க போட்டுச் சாப்பிடுங்க சார். நான் மேல போறேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். இருநூறு படி இருக்கும். முழங்கால் முனகியது, முனகட்டும். ராஜா உட்கார்ந்த மண்டபத்தில் இரண்டு நிமிஷம் நின்றார். கோட்டையின் அடுப்படியில்தான் நெடுநேரம். மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு அடுப்பு, ஆனால் புகை போக ஒழுங்கான வழியில்லை. இதைக் கட்டியவன் ஒருநாளும் உலை வைத்தவனில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

முற்றத்தில் அந்தக் கடை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாஷை தெரியாது; பக்கத்து மேசைத் தட்டைக் காட்டினார். காளான் சூப் வந்தது, கை பொறுக்காத சூட்டில் ரொட்டி, வெண்ணெயில் பொரித்த மீன். சூப்பில் மிளகு போதவில்லை. ஆனால் ஆவி பறந்தது. மீனோ, முள்ளைக்கூட விட மனசு வராத ருசி. வெட்கப்படாமல் இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கினார்.

அப்போது நாத்தனார் மூச்சிரைக்க ஓடி வந்தார். தலைமையாசிரியர் பாதிச் சோற்றைத் தரைக்குப் பரிமாறுகிறாராம், ஆளாளுக்குக் கத்துகிறார்களாம், அண்ணி உடனே வர வேண்டுமாம்.

அக்கா மீனில் ஒரு துண்டைப் பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரிடமும் சொல்லியிராததை நிதானமாகச் சொன்னார்.

"நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். முடிச்சிட்டு வரேன்."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கும் அதே மீன் வேண்டும் என்று ஜாடை காட்டினார்.

அன்றைக்கு பஸ் நாற்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அக்காவுக்காகக் காத்திருந்தார்கள்.