படகு இரண்டான பிறகு போட்ட திருத்த மனு

வக்கீல் தொழிலில் வழக்குப் போடுவது சுலபம். போட்ட வழக்கில் ஒரு வரியை மாற்றுவதுதான் பெரும்பாடு. ரேஷன் கார்டில் அப்பா பெயரில் தப்பாக விழுந்த ஓர் எழுத்தைத் திருத்த அலைந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டில் அந்த அலைச்சலுக்குத் திருத்த மனு என்று பெயர். பொன்னேரிப் பக்கம் சிவில் வழக்குகள் நடத்துகிறவள் நான். ஒரு படகுக்காக நான் போட்ட திருத்த மனுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

எந்தத் துண்டு?

தேசிங்கும் அவர் மனைவி கஜலட்சுமியும் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்துக்காரர்கள். புதிதாக வாங்கிய ஃபைபர் படகில் சீக்கிரமே அடியில் விரிசல் விட்டது. படகு கட்டிக் கொடுத்த பட்டறை முதலாளி, "எங்கியோ மோதிட்டு வந்து என் மேல பழி போடறாங்க" என்று கையை விரித்துவிட்டார். படகைப் பழுது நீக்கித் தர உத்தரவிட வேண்டும் என்று வணிக வழக்குப் போட்டோம். வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் கஜலட்சுமி என் ஆபீசுக்கு வந்து நின்றார். படகு தண்ணீரில் பிளந்துவிட்டதாம். தேசிங்கும் கூடப் போனவரும் காலி கேனைக் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். அந்த வழியாக வந்த இன்னொரு படகு தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. "உயிரோட வந்தாரே, அது போதும்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "ரிப்பேர் பண்ணித் தரணும்னு எழுதிக்கீறீங்களே மேடம், இப்ப எந்தத் துண்ட ரிப்பேர் பண்ணுவாங்க?"

பிரமாணப் பத்திரம்

பழுது நீக்கித் தருவது என்பதை எடுத்துவிட்டுப் புதுப் படகு என்று வழக்குரையை மாற்ற வேண்டும். அதற்குக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு, நடந்ததைச் சொல்லித் தேசிங்கு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். இருவரும் வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள்.

விரிசல் விட்ட படகை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "கரையில கவுத்துப் போட்டுட்டு இன்னா துன்றது மேடம்? ஒட்டுப் போட்டுத்தான் எடுத்தேன்" என்றார் தேசிங்கு. எங்கே உடைந்தது என்று அடுத்துக் கேட்டேன். கஜலட்சுமி முந்திக்கொண்டார்: "ஏரியிலதான் மேடம். எறா புடிக்கப் போனப்போ. எழுதிக்கோங்க." தேசிங்கு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஏதோ உறுத்தியது. "இது சத்தியம் பண்ணிக் கொடுக்கிற காகிதம். நாளைக்குக் கூண்டில் ஏற்றிக் கேட்பாங்க" என்றேன்.

தேசிங்கு நிமிராமலே, "ஏரியில இல்ல மேடம். முகத்துவாரத்தத் தாண்டி, கடல்ல" என்றார். அன்றைக்குக் காற்று சரியில்லை, கடலுக்குப் போகாதே என்று கஜலட்சுமி சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். உடைந்த துண்டுகள் கரை ஒதுங்கிய பிறகும் ஏரி என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கடைசியில் கணவர் பக்கம் திரும்பினார். "கோர்ட்டுக்குன்னா நெஜம் சொல்றே. எனக்கு மட்டும் ஏன்யா ஏரின்னு சொன்னே?"

ஆட்சேபணை

நான் பயந்தபடியே எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கடலையே பிடித்துக்கொண்டார். விரிசல் என்று தெரிந்தும் கடலுக்குக் கொண்டுபோய் உடைத்தவர் புதுப் படகு கேட்கிறார். இது வழக்கின் தன்மையையே மாற்றுகிறது. வேண்டுமானால் வேறு வழக்குப் போடட்டும் என்றார். நியாயமாகச் சொன்னால், கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பின்வரிசையில் நின்றிருந்த தேசிங்கு, நிஜத்தைச் சொல்லித் தொலைத்தோமே என்பதுபோல் என்னைப் பார்த்தார். அப்போது அவர் இன்னொருவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வேறு வழக்கு என்றால் எல்லாம் முதலிலிருந்து. அதுவரைக்கும் கூலிதான்.

விசாரணை இன்னும் தொடங்கவில்லை, படகு பிளந்தது வழக்குப் போட்ட பிறகு, கடலுக்குப் போனதை நாங்கள் மறைக்கவும் இல்லை என்றேன். கடலுக்குப் போனது சரியா தவறா என்பதைச் சாட்சி விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நீதிபதி மனுவை அனுமதித்தார். எதிர்த்தரப்பைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உடைஞ்ச படகை முழுசா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே நான் தீர்ப்பு எழுதணுமா சார்?"

சிவப்பு மை

அனுமதி கிடைத்தபின் பழைய வரியை அடித்து, புது வரியைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். என் குமாஸ்தா 'பழுது நீக்கி' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேசிங்கு மெதுவாகச் சொன்னார்: "அம்மாம் பெரிய படகு, ஒரே கோட்டுல போயிடுச்சே மேடம்."

கரையில்

உடைந்த துண்டுகளைப் பார்த்து அறிக்கை தர, கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தது. எல்லோரும் குப்பத்துக்குப் போனோம். வெயிலில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். பட்டறை முதலாளி வரும்போது கோபமாகத்தான் வந்தார். குனிந்து, பிளந்த ஓரத்தை விரலால் நெம்பினார். அடுக்கடுக்காக ஒட்டியிருக்க வேண்டிய கண்ணாடி இழை, பழைய காலண்டர் தாள் மாதிரி தனித்தனியாக உரிந்து வந்தது. இன்னொரு இடத்தில் நெம்பினார். அங்கேயும் அப்படியே. உரித்ததைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த வாய்தாவிலேயே சமரசம் பதிவானது. அவர் கட்டிக் கொடுத்த புதுப் படகு இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கரையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கஜலட்சுமி முன்னால் போய் நின்றதுதான் என் கண்ணில் நிற்கிறது. "முழுசா இருக்கசொல்ல உள்ள இன்னா கீதுன்னு எனக்கே தெரியலம்மா. உன் ஊட்டுக்காரரு பொழச்சு வந்தாரே, அதுக்கு நான்தான் கோயிலுக்குப் போவணும்."

ஒரு படகு இரண்டாக ஒரே ஓர் அலை போதும்; அந்தச் சேதி வழக்குரையில் ஏறுவதற்குள்தான் வக்கீலுக்குச் செருப்பு தேய்ந்துவிடுகிறது.